மல்லாந்து நீந்தும் பிள்ளைகள்

பல் டாக்டர் வீட்டில் இரண்டு இறால்கள் இருந்தன. சமைக்கிற இறால் இல்லை. சமையல் என்ற சொல்லையும் இறால் என்ற சொல்லையும் யாராவது வாய்தவறி ஒரே மூச்சில் சொல்லிவிட்டால்கூட டாக்டரின் முகம் சுண்டிவிடும். இவை அழகுக்கு வளர்ப்பவை. முதுகில் ரத்தச் சிவப்பு, அதன் நடுவே வகிடு எடுத்தாற்போல ஒரு வெள்ளைக் கோடு, முகத்தில் உடம்பைவிட நீளமான வெள்ளை மீசை. க்ளீனர் இறால் என்று பெயர். உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பாறையடியில் கடை விரித்து உட்கார்ந்திருக்கும். தொட்டியிலுள்ள மீன்கள் ஒவ்வொன்றாக வந்து வாயைப் பிளந்து நிற்கும். இவை உள்ளே புகுந்து, பல்லிடுக்கு வரை கூட்டிப் பெருக்கிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வெளியே வரும்.

கடையில் முதன்முதலாக இதைப் பார்த்தபோதே டாக்டர் விழுந்துவிட்டார். அவரும் இத்தனை வருடமாக அதே தொழில்தான் பார்க்கிறார். ஆனால் அவரிடம் எவரும் தானாக வாயைத் திறந்ததில்லை. நாற்காலிக் கைப்பிடியை உடும்பு மாதிரி பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு, "இன்னிக்கு வேணாம் டாக்டர், சும்மா பாத்துட்டு மட்டும் விட்டுடுங்க" என்று கெஞ்சியவர்கள்தான் அதிகம். இங்கே என்னடா என்றால் மீன்கள் முண்டியடித்துக்கொண்டு வருகின்றன. பல் சுத்தம் செய்துகொண்ட மீன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் வந்து வரிசையில் நிற்கிறது.

"உங்களுக்குத் தொழில் பொறாமைங்க" என்றாள் மனைவி.

"பொறாமை இல்ல, மரியாதை" என்றார் டாக்டர்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும் அவளுடைய அறை காலியாயிற்று. அந்த அறையின்மீது வீட்டில் இரண்டு பேருக்குக் கண். மனைவிக்கு இருந்தது நியாயமான கண். துணி துவைக்கும் மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றுக்கு, வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் குறை கேட்கிற வேலை அவளுக்கு. காலையிலிருந்து சாப்பாட்டு மேசையில், தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குவாள். திட்டு வாங்கக்கூட ஒரு கதவு வேண்டும் என்பது அவள் கட்சி. பின்னால் மிக்ஸி ஓடும், காலிங் பெல் அடிக்கும், டாக்டர் வந்து குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். "சார், உங்க மெஷின் சத்தம் எனக்கே கேக்குது" என்று அவள் ஒருமுறை சொன்னபோது, எதிர்முனையிலிருந்தவர், "அது உங்க வீட்டுச் சத்தம்மா" என்றாராம்.

டாக்டருக்கு இருந்தது கள்ளக் கண். மனைவி தன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்த ஒரு வாரத்தில், அறைக்குள் தொட்டி, விளக்கு, பம்ப், கடல் உப்பு மூட்டை, பாறை எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி குடியேறிவிட்டன. அவள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது இறால்கள் இரண்டும் மீசையை ஆட்டி வரவேற்றன. டாக்டருக்கு மீசை இல்லாததால் அசடு வழிந்து வரவேற்றார்.

அந்த வாரமே மனைவியின் தங்கை பார்க்க வந்தாள். மழலையர் பள்ளி ஆசிரியை, பக்கத்துத் தெரு. அக்காவைவிடப் பல வருடம் இளையவள் என்பதால் மாமாவை வம்புக்கு இழுப்பதைத் தன் பிறப்புரிமையாக வைத்திருந்தாள்.

"இதுல பொண்டாட்டி எது மாமா?"

"அப்படி இல்லம்மா. இந்த ஜாதியில ரெண்டும் ஆணும்தான், ரெண்டும் பொண்ணும்தான். ரெண்டுமே முட்டை சுமக்கும்."

"அப்போ சண்டை வந்தா கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறது யாரு?"

டாக்டர் படித்த எந்தப் பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை.

முதல் மாதத்திலேயே ஓர் இறால் செத்துப்போயிற்று. மணலில் மல்லாந்து கிடந்தது. டாக்டர் கிளினிக்குக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அதைப் பஞ்சில் பொதிந்து, பூந்தொட்டியில் குழிவெட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "ஏங்க, செத்தவரு இங்க பாறைக்குப் பின்னாலேருந்து எட்டிப் பாக்கறாரு. அடக்கம் எப்போன்னு கேக்கறாரு." இறால் பழைய சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தது, அவ்வளவுதான். கையும் காலும் மீசையும் அப்படியே இருக்கிற வெறும் ஓடு. டாக்டர் பஞ்சை நைசாகக் குப்பையில் போட்டார். அரைநாள் விடுப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

சட்டை மாற்றியதோடு நிற்காமல் அந்த இறால் வயிற்றடியில் பச்சைப் பச்சையாக முட்டைகளையும் வைத்துக்கொண்டது. அங்கேதான் டாக்டருக்குக் கிறுக்கு முற்றியது.

க்ளீனர் இறாலைக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வீட்டில் குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சை இறாலாக ஆக்குவது வேறு கதை. பொரித்த குஞ்சு இறால் மாதிரியே இருக்காது. கண் மட்டும் பெரிதாக, கண்ணாடித் துரும்பு போல, தண்ணீரில் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அப்படியே மிதந்து, ஒவ்வொரு சட்டையாகக் கழற்றி, ஒவ்வொரு கட்டமாக உருமாறி, கடைசியில் ஒருநாள் மிதப்பதை விட்டுவிட்டுத் தொட்டிச் சுவரில் கால் ஊன்றி நிற்கும். அப்படி நின்றால்தான் அது இறால். அதுவரை அது நம்பிக்கை மட்டும்தான்.

முதல் தடவை குஞ்சுகளை மீன்கள் தின்றன. இரண்டாம் தடவை பம்ப் உறிஞ்சியது. மூன்றாம் தடவை போதிய தீனி இல்லாமல் அவை ஒன்றையொன்று தின்றன. "நம்ம சொந்தக்காரங்க மாதிரியே இருக்காங்க" என்றாள் மனைவி. நான்காம் தடவை முட்டை தெரிந்தபோது அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவள் ஹெட்போனைக் கழற்றினால் விஷயம் பெரிது.

"இதோ பாருங்க. இதுதான் கடைசி. இந்தத் தடவை ஒண்ணே ஒண்ணாவது சுவத்துல கால் ஊணி நிக்கணும். நின்னா ரூம் உங்களுக்கு, நான் வாயே திறக்க மாட்டேன். நிக்கலேன்னா ரூம் எனக்கு. தொட்டி, ஜோடி எல்லாத்தையும் கடைக்காரர்கிட்டயே கொடுத்துடணும்."

"கிளினிக்ல வெச்சுக்கறேனே?"

"கிளினிக்ல உங்களுக்கே நிக்க இடம் இல்ல. போன மாசம் நர்ஸ் காலை மிதிச்சு, அவங்க நொண்டிக்கிட்டு வந்தாங்க."

டாக்டர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்ய? அவள் கேட்டது ஒரு கதவு. அவர் வைத்திருந்தது அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு மீசைகளைப் பார்க்கிற சுகம். வழக்கு நடந்தால் எந்தப் பக்கம் தீர்ப்பு வரும் என்று அவருக்கே தெரியும்.

இந்த முறை எல்லாம் முறைப்படி நடந்தது. விளக்கை அணைத்துவிட்டு, தொட்டியின் ஒரு மூலையில் கைவிளக்கைக் காட்டினார். குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடிப் புகை மாதிரி திரண்டு வந்தன. கிண்ணத்தால் அள்ளி, மூலையே இல்லாத உருண்டைக் கண்ணாடி ஜாடியில் விட்டார். மெல்லிய காற்றுக் குழாய், குமிழி ஒவ்வொன்றாக வருகிற அளவுக்கு மட்டும். தீனிதான் பெரிய பாடு. ஆர்ட்டீமியா என்று ஒரு பூச்சி, உப்புத்தண்ணீரில் வாழ்வது. அதன் முட்டை தூள் மாதிரி டப்பாவில் விற்கும். அதை உப்புத்தண்ணீர்ப் பாட்டிலில் போட்டு, காற்று விட்டு, பொரிக்க வைத்து, அந்தப் பொடிப் பூச்சிகளை உயிரோடு குஞ்சுகளுக்குப் போட வேண்டும். வேளை தவறக் கூடாது. டாக்டரோ பகலெல்லாம் கிளினிக்கில்.

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றாள் மனைவி. பிறகு, "எவ்வளவு உப்பு?" என்றாள்.

இப்படியாக, ஒரு வாடிக்கையாளருக்கும் அடுத்த வாடிக்கையாளருக்கும் இடையே எழுந்து போய், பாட்டிலைக் குலுக்கி, பூச்சிகளை வடிகட்டி, ஜாடியில் விட்டுவிட்டு வருவது அவள் வேலையாயிற்று. ஜன்னலோரம் வளர்கிற பச்சைப்பாசித் தண்ணீரை ஒரு கரண்டி சேர்ப்பதும் அவள்தான்.

வாரங்கள் போயின. குஞ்சுகள் சாகவில்லை! டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. மாலையில் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜாடியின் முன் குனிவார். "எல்லாம் ஓடுது பாரு! எப்படி ஓடுது பாரு!" என்பார். குஞ்சுகள் நாளுக்கு நாள் பெருத்தன. உருவமும் மாறியது. பக்கத்துக்கு ஒரு வரிசையாக இறகு மாதிரி கால்கள் முளைத்தன. "கட்டம் மாறுது" என்றார் டாக்டர். பின்பக்கமாகப் போனவை முன்பக்கமாகப் போகத் தொடங்கின. "அடுத்த கட்டம்" என்றார். அப்புறம் எல்லாமே மல்லாந்து படுத்து, வயிற்றை வெளிச்சத்துக்குக் காட்டி, கால்களை உதறி உதறி நீந்தின. இதில் டாக்டருக்கு விசித்திரமாக ஒன்றும் படவில்லை. நாள் முழுக்க எதிரில் மல்லாந்து படுத்துக் கால் உதறுகிறவர்களை மட்டுமே பார்க்கிற மனிதர்.

கிளினிக்கில் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். வாயில் பஞ்சும் கருவியுமாக இருக்கிறவர்கள் என்ன மறுத்துப் பேசிவிட முடியும்? "இன்னும் கொஞ்ச நாள்தான், கால் ஊணிடும்" என்று சொல்லிக்கொண்டே பல்லைத் துளைப்பார். அவர்கள் "ஆ" என்பார்கள். ஆச்சரியம் என்று எடுத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினியைக் கூப்பிட்டனுப்பினார். மற்றவர்கள் பாராட்டினால் போதாது. அவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை வர வேண்டும். அவள் வந்தாள். ஜாடியின் முன் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். டாக்டர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, பிரசவ வார்டு வாசலில் நிற்கிற அப்பாவின் பவிசோடு நின்றார்.

"நல்லா இருக்கு மாமா" என்றாள் அவள். டாக்டரின் நெஞ்சு விரிந்தது. பிறகு அவள் பார்வை பக்கத்திலிருந்த பாட்டிலுக்குப் போயிற்று. மறுபடி ஜாடிக்கு வந்தது. மறுபடி பாட்டிலுக்கு.

"இது என்ன மாமா?"

"அது தீனிம்மா. ஆர்ட்டீமியா."

"இது?"

"இதுதான் நம்ம குழந்தைங்க."

"ரெண்டுலயும் ஒரே ஆளுங்கதானே இருக்காங்க? பாட்டில்ல இருக்கறது பேபி கிளாஸ், இது அடுத்த கிளாஸ். பாருங்க, அதே நடை, அதே உதறல்."



"உனக்கென்னடி தெரியும், சும்மா இரு" என்று மனைவி வாசலிலிருந்து ஓடிவந்தாள். "வா, காபி ஆறுது."

"காபியே போடலையே அக்கா நீ?"

"போடப்போறேன். வா."

"என் கிளாஸ்ல இத்தனை பிள்ளைங்க இருக்கு. எது எந்த வீட்டுப் பிள்ளைன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். இதுங்க அண்ணன் தம்பிங்க. எதுக்கு என் தோள்ல கிள்ளறே?"

டாக்டர் மனைவியின் கையைப் பார்த்தார். அது தங்கையின் தோளில், கிள்ளிய நிலையிலேயே இருந்தது. சொத்தைப் பல்லைப் பார்த்ததும் அதன் வேர் எங்கே என்று கண்டுபிடிக்கிற மனிதருக்கு, அந்தக் கிள்ளலின் வேர் தெரியாதா என்ன?

போய், கிளினிக் பையிலிருந்து பூதக்கண்ணாடி பொருத்திய மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். ஜாடியைப் பார்த்தார். பாட்டிலில் வடிகட்டலுக்குத் தப்பி வளர்ந்திருந்த சிலவற்றைப் பார்த்தார். ஒரே முகம். ஒரே கால். இரண்டும் மல்லாந்து. தாயாகவும் தந்தையாகவும் இருந்து அவர் இத்தனை வாரம் கொஞ்சி வளர்த்தது இறால் குஞ்சுகளை இல்லை. குஞ்சுகளுக்குப் போட்ட சாப்பாட்டை.

மச்சினிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமா, சோறு போட்டுப் பிள்ளை வளர்க்கறவங்களைப் பாத்திருக்கேன். சோத்தையே பிள்ளையா வளர்த்தது நீங்க ஒருத்தர்தான்!" கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு தானாகத் தேய்ந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க மாமா" என்று, போடாத காபியைக் குடிக்காமலே கிளம்பிப்போனாள்.

"உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?" என்றார் டாக்டர்.

"ஆரம்பத்திலேருந்தே."

"ஆரம்பம்னா?"

"ஒருநாள் காலைல பாட்டிலை எடுத்துக்கிட்டுப் போனா, குஞ்சு எல்லாம் அடியில வெள்ளையா தூசி மாதிரி கிடக்கு. ஒண்ணுகூட உயிரோட இல்ல. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கைல தீனி இருக்கு, திங்க ஆள் இல்ல. கொட்ட மனசு வராம ஜாடியிலயே விட்டுட்டேன். சாயங்காலம் நீங்க வந்ததும் சொல்லணும்னு மனசுக்குள்ள ஒத்திகைகூடப் பாத்து வெச்சிருந்தேன். நீங்க செருப்போட வந்து குனிஞ்சு, எல்லாம் ஓடுது பாருன்னீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க பாத்ரூம்ல பாட ஆரம்பிச்சிட்டீங்க. கேக்கற மாதிரி இல்லதான். ஆனா நிறுத்தச் சொல்ல மனசு வரலை."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். பொய் சொல்லிவிட்டாளே என்று கோபப்பட ஒரு கணம் முயன்று பார்த்தார். கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அறை அன்றைக்கே அவளுடையது. கதவு, நாற்காலி, நிம்மதி எல்லாம். அதை விட்டுவிட்டு, இத்தனை வாரமாக மிக்ஸிக்கும் காலிங் பெல்லுக்கும் நடுவே உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொண்டு, இடையிடையே எழுந்து போய் அவருடைய முட்டாள்தனத்துக்கு வேளாவேளைக்குத் தீனி போட்டிருக்கிறாள்.

"தொழில் பழக்கமும் கொஞ்சம் இருக்கு" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல். "நாள் பூரா, ரெண்டு நாள்ல ஆள் வருவாங்க சார்னு சொல்லிச் சொல்லி, எனக்கு நல்ல பொய் கைவந்துடுச்சு."

பிற்பகலில் அவளுக்கு வேலை நேரம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் அறையைக் காலிசெய்யத் தொடங்கினார். பேச்சு பேச்சுதான், ஒன்றுகூடக் கால் ஊன்றவில்லை. உப்பு மூட்டையை வராந்தாவுக்குக் கொண்டுபோனார். பாசிப் பாட்டில்களை வரிசையாகக் கீழே இறக்கினார். பெரிய தொட்டியில் இறால்கள் மீசையை நீட்டி, இவர் பல் காட்டப்போகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றின் பக்கம் திரும்பாமலே, ஜாடியின் காற்றுக் குழாயைப் பிடுங்கினார். குமிழி நின்றது.

சாப்பாட்டு மேசையிலிருந்து, "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க மேடம்" என்று கேட்டது. மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"யாரைக் கேட்டுக் காத்தை நிறுத்தினீங்க?"

"காலி பண்றேன். ரூம் உன்னுது."

"ரூம் என்னுதுதான். அதுல மூச்சு விடறதும் என்னுதுதான். மொதல்ல அதைச் சொருகுங்க."

"இது தீனிம்மா. ஜோடிக்குப் போட்டுட்டா ஒரே வேளையில தின்னு தீர்த்துடும். பாரு, இப்பவே எப்படிக் கையை நீட்டுது."

"போட்டுத்தான் பாருங்களேன்!" அவள் ஜாடிக்கும் தொட்டிக்கும் நடுவே வந்து நின்றாள். ஹெட்போனின் கம்பி அவளோடு வீட்டின் பாதி தூரம் இழுபட்டு வந்திருந்தது. "பொரிச்சது நான். வடிகட்டினது நான். பச்சைத் தண்ணி ஊத்தினது நான். நீங்க மூணு தடவை வளர்த்தீங்க, என்ன ஆச்சு? நான் ஒரு தடவை வளர்த்தேன், ஒண்ணுகூட வீண் போகலை. தீனின்னு பேர் வெச்சா பிள்ளை இல்லைன்னு ஆயிடுமா?"

டாக்டர் குழாயைச் சொருகினார். குமிழிகள் ஏறின. மல்லாந்தபடி ஒரு கூட்டம் வெளிச்சத்தை நோக்கித் துழாவிக்கொண்டு வந்தது. தீனியாகவே பார்த்தாலும் அழகாகத்தான் இருந்தது.

"அப்போ தொட்டி?" என்றார். "கடைக்காரர்கிட்ட..."

அவள் பெரிய தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள். பாறையடியில் இருந்த இறால் ஒன்று நகர்ந்தது. வயிற்றடியில் மறுபடியும் பச்சை.

"வயித்துல பிள்ளையோட இருக்கறவளை வெளிய அனுப்பச் சொல்றீங்களா? என்ன மனுஷர் நீங்க?" என்றாள்.

"நீதானே சொன்னே!"

"நான் சொன்னது சொன்னதுதான். ரூம் எனக்கு. என் மேசை ஜன்னலோரம் வரணும், இன்னிக்கே. தொட்டி அந்தச் சுவரோரம் நகரணும். நீங்க கதவைத் தட்டிட்டு வரணும். நான் பேசிக்கிட்டிருந்தா வெளியவே நிக்கணும். இந்தத் தடவை குஞ்சு வந்தா தீனிக்கு என்கிட்டதான் கேக்கணும். புதுசா பொரிச்சதைத் தருவேன். பெரிசுங்க மேல கை வைக்கக் கூடாது."

"சரி."

"பாடறதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

டாக்டர் போய் மேசையை இழுத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் நின்று, "அந்த மேடம் இன்னும் லைன்ல இருக்காங்க" என்று ஞாபகப்படுத்தினார்.

"இருக்கட்டும். அவங்க மெஷின் போன வருஷத்திலேருந்து ஓடலை, இன்னும் ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் குடி முழுகிடாது" என்றாள் மனைவி. அவருடைய கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு, இறாலின் வயிற்றை எட்டிப் பார்த்தாள். அது மூக்கைவிட்டு வழுக்கியது. ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, இங்க வாங்க. முட்டைக்குள்ள கண் தெரியுது."

டாக்டர் மேசையைப் பாதி வழியிலேயே போட்டுவிட்டு வந்து, கதவைத் தட்டினார்.